எட்டு ஜிபியும் ஏழரைச் சனியும்

ரொம்ப நாளா கடைப்பக்கம் வரலை. ஆணி அதிகம்னு சொன்னா நம்ப மாட்டீங்க. ஆணி ஒரு காரணம்தான், இன்னொண்ணு எழுதறதுக்குப் பொட்டி இல்லை. பொட்டி இருந்தது, ஆனா தட்ட ஆரம்பிச்சு பத்தாவது நிமிஷம் மண்டையைப் போட்டுச்சு. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

இது தொழில்நுட்பப் பதிவா சொந்தக் கதையான்னு எனக்கே தெரியலை. ரேம் பத்தித் தெரிஞ்சுக்க வந்தவங்க நடுவுல வர்ற குடும்பச் சண்டையைப் பொறுத்துக்கணும். குடும்பச் சண்டை படிக்க வந்தவங்க நடுவுல வர்ற ரேமைப் பொறுத்துக்கணும்.

2018ல வாங்கின மடிக்கணினி. 4 ஜிபி ரேம். மாதவரத்துல ரெண்டு லாரி ஆபீசுக்கு நான் கணக்கு எழுதறேன். டேலியும் பிரவுசரும் ஒண்ணா தொறந்தா பொட்டி முனகும். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கைகழுவிட்டாங்க. விண்டோஸ் 11 போடலாம்னா என் பொட்டில இருக்கிற ஏழாம் தலைமுறை ப்ராசசருக்கு அந்தத் தகுதி இல்லையாம். புதுசு வாங்கலாம்னா தங்கமணி என்னைப் பார்த்த பார்வைல அந்த ஆசையும் போச்சு.

அப்பத்தான் அக்கா பையன் சொன்னான். "மாமா, இன்னொரு ஸ்லாட்டு காலியாத்தான் கீது. ஒரு எட்டு ஜிபி குச்சி போட்டா இன்னும் மூணு வருஷம் ஓட்டலாம்." திருவொற்றியூர்ல இருக்கான், பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். சின்ன வயசுலேர்ந்து எதைக் கண்டாலும் கழட்டுவான். எங்க வீட்டு மிக்சி, டார்ச் லைட், ஒரு தடவை தைக்கிற மிஷின். பாதி திரும்பி உயிர் பெற்றிருக்கு.

அந்த நேரம் பார்த்து ரேம் விலை எகிறிடுச்சு. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்குன்னு உலகத்துல இருக்கிற மெமரி சிப்பு தயாரிப்பாளர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. 2025 டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி, க்ரூஷியல்ங்கற பேர்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்கறதையே நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. அமெரிக்காவுல எவனோ ஒரு எந்திரத்துக்கு மூளை வளர்க்க, மூலக்கடையில ஒருத்தன் டேலி ஓட்ட முடியலை. சரி, செகண்ட் ஹேண்ட் பார்க்கலாம்னு பையன் கைல 2,500 ரூபா குடுத்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பினேன். எந்தப் பொட்டிலயோ கழட்டின 8 ஜிபி குச்சி ஒண்ணோட வந்தான். மிச்சம் 50 ரூபா குடுத்தான். பில்லு? கழட்டின மாலுக்கு ஏது பில்லு.

மாட்டினான். பொட்டி பறந்துச்சு. ரெண்டு நாள் நான் அவனை ஊரெல்லாம் புகழ்ந்தேன்.

டிசம்பர் 19 ராத்திரி. மறுநாள் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் கடைசி நாள். தாமதமானா ஒரு நாளைக்கு 50 ரூபா, வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி வேற. லாரி ஓனர் கிட்ட அதைச் சொல்லிட்டு உயிரோட திரும்பறது எப்படின்னு எனக்குத் தெரியாது. உள்ளீடு எல்லாம் போட்டு முடிக்கிற நேரம், நீலத் திரை. சோகமா ஒரு மூஞ்சி, கீழ 'மெமரி மேனேஜ்மென்ட்'. மறுபடி போட்டேன். இருபது நிமிஷத்துல இன்னொரு நீலம், இந்தத் தடவை வேற பேரு, 'பேஜ் ஃபால்ட்' அப்படின்னு என்னவோ. விடியற வரைக்கும் ஏழு தடவை. டேலி டேட்டாவும் கெட்டுப்போய், ரீரைட் குடுத்துத் தேத்தினேன். ரிட்டர்ன் போய்ச் சேர்ந்துச்சு, அது எந்தச் சாமி புண்ணியமோ.

ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர்ல நீலத் திரை வந்தா மெமரி மேல சந்தேகப்படணும்னு இப்பத் தெரியும். ஒரு ட்ரைவர் கெட்டிருந்தா பெரும்பாலும் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். மெமரி கெட்டிருந்தா, கெட்ட இடத்துல யார் வந்து உக்கார்றாங்களோ அவங்க விழுவாங்க. அன்னிக்கு இதெல்லாம் தெரியாது. முதல் சந்தேகம் லாரி மேல. சிரிக்காதீங்க. எங்க தெருவுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வரிசை வீடுதான். துறைமுகத்துலேர்ந்து வர்ற கண்டெய்னர் வண்டி ராத்திரி ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கினா ஷெல்ஃப்ல டம்ளர் ஆடும். அந்த அதிர்ச்சில குச்சி லூஸ் ஆயிருக்கும்னு நெனச்சேன். ரெண்டாவது சந்தேகம் தூசி. அந்தப் பக்கம் மெட்ரோ தோண்டறான், இந்தப் பக்கம் லாரி, நடுவுல ஒரு சின்ன ஃபேன் என்ன செய்யும்?

பையன் வந்தான். ரெண்டு குச்சியையும் கழட்டி, தங்க நிறக் காலை ரப்பர் வச்சுத் துடைச்சு, பிரஷ் வச்சு ஃபேனைச் சுத்தம் பண்ணினான். ஒரு கைப்பிடி அழுக்கு வந்துச்சு. திரும்ப மாட்டினான். அப்ப ஒண்ணு சொன்னான். "மாமா, பழைய குச்சியையும் தனியா செக் பண்ணணும்."

"அது ஏழு வருஷமா ஓடுதுடா" ன்னேன் நான். அதோட விஷயத்தை முடிச்சிட்டேன். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வரும்.

அவன் போன ராத்திரியே மறுபடி நீலம். விண்டோஸ்லயே மெமரி சோதனை ஒண்ணு இருக்கு, ஓட்டினேன். 'வன்பொருள்ல கோளாறு இருக்கு' ன்னு முடிவு வந்துச்சு. எந்தக் குச்சின்னு அது சொல்லாது. ஆனா எனக்கு எதுக்குச் சொல்லணும், நான்தான் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வச்சிருந்தேனே. புதுக் குச்சியைப் புடுங்கினேன். நாலு நாள் ஒரு நீலம்கூட இல்லை. சாட்சி, தடயம், தீர்ப்பு எல்லாம் ரெடி.

ஜனவரி 1ஆம் தேதி அக்கா குடும்பத்தோட வந்திருந்தது. சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் உக்காந்திருக்கும்போது நான் கேட்டேன். "டேய், உண்மையச் சொல்லு. அந்தக் குச்சி எவ்ளோ துட்டுக்கு வாங்கின?"

கேட்டது அவ்வளவுதான். எழுத்துல பார்த்தா ஒண்ணுமில்லை. ஆனா நான் கேட்ட தொனி இருக்கே. மட்டமான சரக்கைக் கம்மிக்கு வாங்கி மிச்சத்தைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டான்னு சொல்லாம சொன்னேன். அவன் ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "ரெண்டாயிரத்து நானூத்தி ஐம்பது மாமா" ன்னான். எழுந்து போய் செருப்பை மாட்டினான். அக்கா என்னைப் பார்த்துட்டு, தட்டு கழுவாமயே கிளம்பிடுச்சு. எங்க அக்கா தட்டு கழுவாம ஒரு வீட்டை விட்டுக் கிளம்பினா அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

பொங்கலுக்கு யாரும் வரலை.

தை மாசத்துல எங்க அம்மாவுக்குத் திதி. 2021ல போனாங்க. பெரிசா ஒரு படம் பிரிண்ட் போடலாம்னு வெளி ஹார்ட் டிஸ்கை எடுத்தேன். 2023 மே மாசம் பொட்டில இடம் பத்தலைன்னு போட்டோ எல்லாத்தையும் அதுல நகல் எடுத்துட்டு, பொட்டில இருந்ததை அழிச்சிருந்தேன். 2012ல எடுத்த படம் ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பொங்கலுக்கு முன்னாடி நாள், பழைய வீட்டுக் கூடத்துல அம்மா உக்காந்து முகத்துல ஒரு சிரிப்போட யாரையோ பார்க்கிற படம். தொறந்தேன். மேல் பாதி அம்மா. கழுத்துக்குக் கீழ வெறும் சாம்பல்.

முதல்ல ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு நெனச்சேன். அதைச் சோதிச்சா நல்லாத்தான் இருக்கு. வேற படங்கள் பார்த்தேன். பெரும்பாலும் சரியா இருந்துச்சு. ஆனா அங்கங்க ஒண்ணு, பாதிக்கு மேல கலர் மாறி, பச்சையும் ஊதாவுமா பட்டை பட்டையா. எண்ணினா 14 படம். எல்லாத்துலயும் நகல் எடுத்த தேதி ஒண்ணுதான், 2023 மே. அன்னிக்கு எடுத்துட்டு அப்புறம் யாரும் தொடலை.

மக்களே, அந்தத் தேதியைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். பையன் என் பொட்டியைக் கழட்டினது 2025 டிசம்பர்ல.

ஒரு ஃபைலை நகல் எடுக்கும்போது அது நேரா ஒரு டிஸ்க்குலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவறதில்லை. நடுவுல ரேம்ல இறங்கி ஏறும். அங்க ஒரே ஒரு பிட் புரண்டாலும் கெட்டதைத்தான் கொண்டு போய் எழுதும். பொட்டி ஒரு வார்த்தை சொல்லாது, 'நகல் முடிந்தது' ன்னு சந்தோஷமாச் சொல்லும். ஜேபெக் படத்துல இது இன்னும் மோசம். புள்ளி புள்ளியா சேமிச்ச படமா இருந்தா ஒரு புள்ளிதான் நிறம் மாறும், கண்ணுக்கே தெரியாது. ஜேபெக் அப்படி இல்லை. இடம் மிச்சம் பிடிக்கறதுக்காக, முன்னால வந்ததை வச்சுப் பின்னால வர்றதைச் சுருக்கி எழுதியிருப்பாங்க. நடுவுல ஒரு பிட் தப்பினா அதுக்கப்புறம் வர்றது எல்லாமே தடம் புரளும். பஜனைல ஒருத்தர் ஒரு வரி தாவிட்டா பின்னால பாடறவங்க எல்லாம் தடுமாறுவாங்களே, அப்படி.

அன்னிக்கு ராத்திரி பையன் சொன்னதைச் செஞ்சேன். மெம்டெஸ்ட்86+ ன்னு ஒரு இலவச மென்பொருள். பென் டிரைவ்ல ஏத்தி, விண்டோஸ் பக்கமே போகாம நேரா அதுலேர்ந்து பொட்டியைக் கிளப்பணும். 2022ல வந்த ஆறாம் பதிப்புலேர்ந்து இப்ப இருக்கிற பொட்டிகள்லயும் ஓடுது. முக்கியமான விதி ஒண்ணு: ஒரு நேரத்துல ஒரு குச்சி. ஸ்லாட்டையும் மாத்திப் பார்க்கணும், இல்லைன்னா கோளாறு குச்சியிலயா ஸ்லாட்லயான்னு தெரியாது.

முதல்ல புதுக் குச்சி. நாலு சுற்று, ஒரு தப்புகூட இல்லை. ஸ்லாட் மாத்தி மறுபடி, அதுவும் சுத்தம். பில்லு இல்லாத, எவனோ கழட்டிப் போட்ட, நான் ஊர் முன்னாடி மட்டம்னு சொன்ன குச்சி.

அடுத்து பழைய குச்சி. முதல் சுற்று சுத்தமா முடிஞ்சுது. நான் அல்பமா சந்தோஷப்பட்டேன், மறைக்கறதுக்கு என்ன இருக்கு. ரெண்டாவது சுற்றுல, பொட்டி நல்லா சூடான அப்புறம், சிவப்புல ஒரு வரி. அடுத்த சுற்றுல மறுபடி. ஒரே முகவரி, ஒரே பிட். ஸ்லாட் மாத்தினேன். அதே பிட். காலைல நாலரை மணிக்கு, பால் வண்டி போற நேரம், ஏழு வருஷமா என் கூட இருந்த குச்சிதான் திருடன்னு எழுதிக் காட்டுச்சு.

சூடானப்புறம் ஏன்? இதுக்கு நம்ம ஊர் உதாரணம்தான் சரி. ரேம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. 1968ல ஐபிஎம்ல ராபர்ட் டென்னார்டு காப்புரிமை வாங்கின ஏற்பாடு, இன்னிக்கும் அதேதான். அந்த மின்தேக்கி ஒரு ஒழுகற குடம். எல்லாக் குடமும் ஒழுகும், புதுசும்தான். அதனால 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை, அதாவது செகண்டுக்குப் பதினஞ்சு பதினாறு தடவை, பொட்டி எல்லாக் குடத்தையும் சுத்தி வந்து நிரப்பிட்டே இருக்கும். மெட்ரோ வாட்டர் லாரி இவ்வளவு ஒழுங்கா வந்தா நாம ஏன் தெருவுல நிக்கப் போறோம். ஒரு குடத்துல மட்டும் ஓட்டை கொஞ்சம் பெரிசுன்னு வைங்க. லாரி வர்றதுக்குள்ள பாதிக்குக் கீழ போயிடும். நிரம்பின குடம்னு எழுதி வச்சது காலிக் குடமா ஆயிடும். சூட்டுல ஒழுகல் அதிகமாகும். அதுக்காகவே 85 டிகிரிக்கு மேல போனா 32 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை நிரப்பணும்னு விதியே இருக்கு. மெத்தை மேல பொட்டியை வச்சு டேலி ஓட்டற என்னை மாதிரி ஆளுங்களை நெனச்சு எழுதின விதி போல.

சரி, புதுக் குச்சியைப் புடுங்கினதும் நாலு நாள் ஏன் ஒழுங்கா ஓடுச்சு? என்னைக் குழப்பினதே அதுதான். 4ம் 8ம் சேர்த்துப் போட்டா, என் பொட்டி முதல் 8 ஜிபியை ரெண்டு குச்சியிலயும் மாத்தி மாத்தி எழுதும், அப்பத்தான் வேகம். மிச்ச 4 மட்டும் பெரிய குச்சில தனியா. அதனால கெட்ட குடம் இருக்கிற முகவரியே மாறிப்போச்சு. புது முகவரில விண்டோஸோட சொந்தச் சாமான் எதையோ வச்சிருக்கணும், உடனே விழுந்துச்சு. பழைய முகவரில பெரும்பாலும் படமும் பாட்டும் வந்து போயிருக்கும், அது சத்தமில்லாம கெட்டுச்சு. இது என் யூகம்தான். ஆனா கொசுவத்தி சுத்திப் பார்த்தா, ரேம் போடறதுக்கு முன்னாடியும் மாசத்துக்கு ஒரு தடவை பொட்டி தானா ரீஸ்டார்ட் ஆகும். நானும் 'விண்டோஸ்னா அப்படித்தான்' னு பில் கேட்ஸைத் திட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவேன்.

பிட் புரள்றது புதுசு இல்லை. 1978ல இன்டெல்லோட திமோதி மேயும் முர்ரே வுட்ஸும், சிப்பைப் பொதியற பொருள்ல இருக்கிற துளியூண்டு கதிரியக்கம் பிட்டைப் புரட்டுதுன்னு கண்டுபிடிச்சாங்க. 2003 மே மாசம் பெல்ஜியம் தேர்தல்ல, ப்ரஸ்ஸல்ஸ் பக்கத்துல ஸ்காயர்பெக்ங்கற இடத்துல ஒரு அம்மாவுக்கு 4,096 ஓட்டு கூடுதலா விழுந்துச்சு. கரெக்டா 4,096, ரெண்டின் பன்னிரண்டாவது அடுக்கு, ஒரே ஒரு பிட். வேற காரணம் எதுவும் கிடைக்காம, ஒரு பிட் தானாப் புரண்டிருக்கணும்னு முடிவு கட்டினாங்க. 2009ல கூகிள் தன்னோட சர்வர்களை வச்சு வெளியிட்ட ஆய்வுல, வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு மிஷின்ல ஒரு தடவையாவது மெமரிப் பிழை வருதுன்னு தெரிஞ்சுது. வானத்துலேர்ந்து வர்ற கதிரை விட, சிப்பே பழுதாறதுதான் அதிகம்னும் சொன்னாங்க. சர்வர்ல பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்தற மெமரி போடுவாங்க. நம்மள மாதிரி மடிக்கணினி வச்சிருக்கிறவனுக்கு அது கிடையாது. நம்ம வீட்டு போட்டோ அவ்வளவு முக்கியம் இல்லைன்னு யாரோ முடிவு பண்ணிட்டாங்க.

சனிக்கிழமை வண்டியை எடுத்துட்டுத் திருவொற்றியூர் போனேன். மணலி தாண்டி சத்தாங்காடு பக்கம் கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்குது. ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் என்ன சொல்லி ஆரம்பிக்கறதுன்னு ஒத்திகை. ஒண்ணும் சரியா வரலை. ஜிலேபி அரைக் கிலோ வாங்கினேன். அதுவும் கேவலமாத்தான் தெரிஞ்சுது.

அக்கா கதவைத் தொறந்துட்டு உள்ள போயிடுச்சு. பையன் கட்டில்ல உக்காந்து எதையோ சால்டர் பண்ணிட்டிருந்தான். நான் செல்போன்ல எடுத்து வச்சிருந்த சிவப்பு வரி படத்தைக் காட்டினேன். "பழைய குச்சிடா" ன்னேன். "நீ சொன்ன. நான் கேக்கலை. துட்டு கேட்டது தப்பு. அதுவும் எல்லார் முன்னாடியும் கேட்டது ரொம்பத் தப்பு."

அவன் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தான். "எந்தச் சுத்துல வந்துச்சு மாமா?" ன்னான்.

"ரெண்டாவது."

"சூடாயிருக்கும்" ன்னான். அவ்வளவுதான்.

அப்புறம் அம்மா படத்தைக் காட்டினேன். 14 படத்துல 11க்கு மூலம் பழைய போன் மெமரி கார்டுல கிடைச்சுது. மூணு கிடைக்கலை, அதுல இது ஒண்ணு. மேல் பாதியைப் பார்த்துட்டே இருந்தான். "கைல என்ன வச்சிருந்தாங்கன்னே ஞாபகம் இல்லைடா" ன்னேன்.

"முறுக்கு அச்சு மாமா. நான்தான் கீழ உக்காந்து மாவு உருட்டிக் குடுத்தேன். ஆயா என்னைப் பார்த்துதான் சிரிக்குது."

அவனுக்கு அப்ப அஞ்சு வயசு இருக்கும்.

புதுக் குச்சியை மட்டும் வச்சு இப்ப பொட்டி ஓடுது. எட்டு ஜிபி போதுமானதா இருக்கு, அஞ்சு வாரமா ஒரு நீலம் இல்லை. இதை அதுலதான் தட்டறேன். பழைய குச்சியைத் தூக்கிப் போட வேணாம், லேப் சாருக்குக் காட்டணும்னு வாங்கிட்டுப் போயிருக்கான். அக்கா மட்டும் இன்னும் காபி டம்ளரை என் முன்னால 'ணங்'ன்னுதான் வைக்குது.

டிஸ்கி: டிடிஆர்3 காலத்துப் பொட்டி வச்சிருக்கிறவங்க, குச்சி வாங்கறதுக்கு முன்னாடி 1.5 வோல்டா 1.35 வோல்டான்னு பார்த்துக்குங்க. 1.35க்குன்னே வந்த மடிக்கணினில 1.5 குச்சி போட்டா கிளம்பாமப் போகலாம், இல்லை கிளம்பி உயிரை வாங்கலாம். எந்தக் குச்சி போட்டாலும் முதல் ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டிட்டுத் தூங்குங்க. பழசையும் சேர்த்து.